பிஸ்கட் டின்னுக்குள் ஒரு தறி: கலைக் கல்லூரி கேட்கும் மகளின் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

சென்ற சனிக்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றிப் பேசிவிட்டு என் ஆலோசனை அறையை விட்டுப் போனவர், வாசலில் ஒரு செருப்பை மாட்டியபடியே திரும்பி வந்து கேட்டீர்கள்: "வெட்டுவதும் ஒட்டுவதும் ஒரு படிப்பா? இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" உங்கள் மகள் பாப்பா அதற்குள் படியிறங்கிவிட்டாள். அடுத்த குடும்பம் காத்திருந்தது. நானும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன். கரூரிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு அது பதில் ஆகாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த டின். உங்களுக்கு அந்த நேரத்தில் போன் வந்துவிட்டது, வெளியே போய்விட்டீர்கள். பாப்பா பையிலிருந்து ஒரு பழைய சதுர பிஸ்கட் டின்னை எடுத்து என் மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தால் உள்ளே நான்கு சுவரிலும் துணிக் கரைகள். ஏற்றுமதிக் கம்பெனியில் வெட்டிக் கழிக்கும் ஓரத் துண்டுகள். நடுவில் உங்கள் அப்பாவின் தறி நாடா, அதாவது நூலை இழுத்துக்கொண்டு தறியில் ஓடும் கட்டை, முனை தேய்ந்து பளபளக்கிறது. நாடாவின் குழியில் நூல் சுற்றிய தார் இருக்க வேண்டிய இடத்தில் சுருட்டி வைத்த பஸ் டிக்கெட்டுகள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. "தாத்தாவை ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன டிக்கெட்டுகள்" என்றாள். பின்னால், மை வெளிறிய ஒரு கூலி நோட்டுப் பக்கம். அதில் கடைசி வரி எழுதப்படாமல் வெறுமையாக இருந்தது.

நான் அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மதிப்பெண் பட்டியலைக் கூட அப்புறம்தான் பார்த்தேன்.

இப்படிப் பல வகைப் பொருள்களைச் சேர்த்துச் செய்வதைத்தான் கலப்பு ஊடகக் கலை என்கிறார்கள். பெயர்தான் புதிது. உங்கள் பூஜை அறையில் தஞ்சாவூர்ப் படம் ஒன்று மாட்டியிருப்பதாகப் பாப்பா சொன்னாள். அதைக் கழற்றிப் பாருங்கள்: பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, சுண்ணாம்புப் பொடியும் பிசினும் குழைத்த மக்கு, தங்க ரேக், கண்ணாடிக் கல், கடைசியில்தான் வண்ணம். அதைச் செய்தவரை 'வெட்டி ஒட்டுகிறவர்' என்று யாரும் சொல்வதில்லை.

சரி, சோற்றுக்கு வருவோம். உங்கள் கேள்வி அதுதான், அதில் தவறும் இல்லை. இந்த வகைக் கலைஞர்களின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அவர்கள் எதைச் செய்தார்கள் என்பதை அல்ல. பகலில் எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதைத்தான். ஆலோசகர் புத்தி, என்ன செய்வது.

ஜோசப் கார்னெல் என்று ஓர் அமெரிக்கர், 1903இல் பிறந்தவர். பெட்டிகள் செய்வதையே வாழ்நாள் கலையாகக் கொண்டவர். பதின்மூன்று வயதில் அப்பா இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. ஓவியக் கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. 1921இல் நியூயார்க்கில் ஒரு மொத்தத் துணி நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார். ஆமாம், துணி வியாபாரம்தான், உங்கள் தொழில். மாதிரித் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் வேலை. அது அவருக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் இரண்டு கடைகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் பழைய புத்தகக் கடைகளிலும் மலிவுச் சாமான் கடைகளிலும் புகுந்து வருவார். பழைய நிலப்படம், களிமண் புகைக்குழாய், கோலிக்குண்டு, பறவைப் படம் எல்லாம் வாங்கிச் சேர்த்தார். வீட்டில் அம்மாவும், மூளை முடக்குவாதம் வந்த தம்பியும். அந்தத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் பெரும்பங்கு இவருடையது. எல்லோரும் உறங்கிய பிறகு சமையலறை மேசையிலும் பின்னாளில் வீட்டின் நிலவறையிலும் உட்கார்ந்து, கண்ணாடி முகப்பு வைத்த சிறு மரப்பெட்டிகளில் அந்தச் சாமான்களை அடுக்கினார். மரவேலையைக் கூடப் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் கற்றுக்கொண்டார். பெட்டி பழையதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அடுப்பில் வைத்துச் சூடேற்றியிருக்கிறார். வீட்டில் என்ன பேச்சு வாங்கினாரோ.

1930களில் ஒரு துணி வடிவமைப்புக் கூடத்தில் வேலை. 1940இல் அதையும் விட்டார். அப்புறமும் கலை மட்டும் சோறு போட்டது என்று நினைக்காதீர்கள். பத்திரிகைகளுக்குப் பக்க அலங்காரம் செய்து கொடுத்துத்தான் ஓட்டினார். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் அந்தப் பெட்டிகள் இருக்கின்றன. 1972இல், அவர் இறந்த ஆண்டில், குழந்தைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள். பெட்டிகளைக் குழந்தைகளின் கண் உயரத்துக்கு இறக்கி மாட்டி, வந்த பிள்ளைகளுக்குக் கேக்கும் குளிர்பானமும் கொடுத்தார்கள்.

அந்தப் பெட்டிகளை 1967இல் கலிபோர்னியாவில் ஒரு கண்காட்சியில் பார்த்தவர்களில் பெட்டி சார் (Betye Saar) என்ற பெண்மணியும் ஒருவர். (பெட்டி அவர் பெயர், சொல் விளையாட்டு என்னுடையது அல்ல.) கருப்பினப் பெண், அப்போது நாற்பது வயது, மூன்று பெண் குழந்தைகளின் தாய். கல்லூரியில் அவர் படித்தது வடிவமைப்பு. எனாமல் நகை செய்து விற்றிருக்கிறார், வாழ்த்து அட்டை வரைந்திருக்கிறார், அச்சு ஓவியமும் கற்றிருக்கிறார். கார்னெலைப் பார்த்த பிறகு அவருக்கும் பெட்டி பிடித்துக்கொண்டது. ஆனால் உள்ளே போனவை வேறு. கருப்பினத்தாரைக் கேலி செய்து அமெரிக்கச் சந்தைகளில் விற்ற பொம்மைகளையும் விளம்பரப் படங்களையும் தேடி வாங்கினார். 1972இல் அப்படியொரு பணிப்பெண் பொம்மையின் ஒரு கையில் துடைப்பத்தையும் மறு கையில் துப்பாக்கியையும் கொடுத்து நிறுத்தினார். அவரை உலகம் அறிய வைத்தது அந்தச் சிறு பெட்டிதான். இரண்டு மகள்கள் இன்று கலைஞர்கள்.

இன்னொருவரையும் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும், அவர் உங்கள் வீட்டுக்கு நெருக்கமானவர். எல் அனட்சுய், கானா நாட்டுக்காரர், 1944இல் பிறந்தவர். தந்தை கென்டே என்ற அந்த நாட்டுத் துணி நெய்தவர். மகன் நெசவு கற்கவில்லை, சிற்பம் படித்தார். 1975 முதல் நைஜீரியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை பார்த்தார். 1998இல் ஊருக்கு வெளியே ஒரு மூட்டை மது பாட்டில் மூடிகள் கிடந்தன. எடுத்து வந்தார். அவற்றைத் தட்டையாக்கி, மடித்து, துளையிட்டு, செம்புக் கம்பியால் கோத்தார். ஆயிரக்கணக்கில் கோத்த பிறகு பார்த்தால் தங்கச் சரிகைத் துணி போலச் சுவரில் மடிந்து தொங்குகிறது. நெய்ய மறுத்த நெசவாளி மகன் ஐம்பது வயதுக்கு மேல் தகரத்தில் நெய்தார். 2015இல் வெனிஸ் கலைவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது அவருக்கு. மாதச் சம்பளம் எங்கிருந்து வந்தது? வகுப்பறையிலிருந்து.

சண்டிகரில் நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்து வேலை நேரம் போக ரகசியமாகக் கட்டியதுதான் இன்று ஊரே டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பாறைத் தோட்டம்.

நம் பக்கத்திலும் கதை இதுதான். கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்தபோது, படித்து முடித்து வெளியேறும் பிள்ளைகள் வேலையில்லாமல் வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்று கவலைப்பட்டார். அந்தக் கவலையில் பிறந்தது சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமம், 1966இல். ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்க அவர்களுக்கு எந்தப் புரவலரும் காசோலை நீட்டவில்லை. மெழுகு பூசிச் சாயமிடும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணம் அது. ஓவியம் தனி, பிழைப்பு தனி. ஆனால் இரண்டுக்கும் கை ஒன்றுதான்.

ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார், பிறகு சாந்திநிகேதன் போனார். சுடுமண், கண்ணாடி, பொம்மை, சுவரோவியம் என்று அவர் கை வைக்காத பொருள் குறைவு. அப்படிப்பட்டவர் 1959 முதல் 1961 வரை பம்பாயில் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றினார். கைத்தறி நெசவாளர்களுக்கு உதவும் அந்த அரசு மையத்தைப் பற்றி நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வென்றவர்களை மட்டும் எடுத்து அடுக்குகிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். சரிதான். கலைக் கல்லூரி முடித்துவிட்டு வரைபலகையைப் பரணில் போட்டவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இதே மேசையில், களிமண்ணும் கம்பியுமாக எதையோ செய்து கொண்டு வந்தான். அவன் அப்பா உங்களைப் போலவே கேட்டார். நான் பயந்துபோய், முதலில் பொறியியல் முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். ஒன்பது பாடம் நிலுவையோடு மூன்றாம் ஆண்டில் வெளியே வந்தான். இப்போது திருப்பூரில் பனியன் அச்சுக்கு வடிவம் போடுகிறான். நன்றாகத்தான் இருக்கிறான். மூன்று ஆண்டுகளும் அவன் அப்பா வாங்கிய கடனும் மட்டும் என் கணக்கில் நிற்கின்றன.

ஆகவே என் யோசனை இது. 'கலப்பு ஊடகம்' என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடி அலையாதீர்கள். அந்தப் பெயரில் ஆறு மாதச் சான்றிதழ் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பிசின் ஊற்றிக் கடிகாரம் செய்யக் கற்றுக்கொடுப்பார்கள், அதை யூடியூபில் இலவசமாகவே பார்க்கலாம். பாப்பாவுக்கு வேண்டியது ஏதாவது ஒரு பொருளில் கை ஊறும் படிப்பு. கலப்பது அதற்குப் பிறகு தானாக வரும்.

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியை 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். அங்கே ஓவியம், சிற்பம் மட்டும் இல்லை. அச்சு ஓவியம், பீங்கான், துணி வடிவமைப்பு, காட்சித் தொடர்பு எல்லாம் நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டமாக இருக்கின்றன. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் கவலையில்லை, செய்முறை நுழைவுத் தேர்வு உண்டு. கட்டணம் அரசுக் கட்டணம்தான். உங்கள் வீட்டு நிலைக்கு நான் விண்ணப்பத்தில் துணி வடிவமைப்பைத்தான் முதலில் எழுதச் சொல்வேன், ஓவியத்தை அடுத்ததாக. காரணம் எளிது: கரூரில் திரைச்சீலையும் மேசை விரிப்பும் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கு வடிவமைப்பாளர் வேண்டும். அந்தத் தெருக்களை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். எந்த நூல் எங்கே கிடைக்கும், எந்தச் சாயம் வெளுக்கும் என்று வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும்.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் நல்லதுதான். ஆனால் செலவு லட்சங்களில் போகும், போட்டியும் கடுமை. எழுதிப் பார்க்கட்டும், அதை மட்டும் நம்பி ஓராண்டு வீட்டில் உட்கார வேண்டாம்.

வேலை என்று பார்த்தால், துணி வடிவமைப்பு தவிர, திரைப்படக் கலை இயக்கப் பிரிவு ஒன்று. சாபு சிரில் சென்னைக் கலைக் கல்லூரி மாணவர்தான். ஆனால் அங்கே உதவியாளராக உழைக்கும் ஆண்டுகளில் சம்பளத்தை எதிர்பார்த்து வீட்டுக்கடன் வாங்கக் கூடாது. கேந்திரிய வித்யாலயாக்களில் கலை ஆசிரியர் பணி உண்டு. மாநில அரசுப் பள்ளிகளில் பகுதி நேர ஓவிய ஆசிரியர்கள் நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அருங்காட்சியகம், கடை அலங்காரம், புத்தக வடிவமைப்பு எல்லாம் சிறு சிறு வாசல்கள். ஒரே பெரிய வாசல் என்று எதுவும் இந்தத் துறையில் கிடையாது.

பாப்பாவிடம் எனக்கு ஒரு குறை உண்டு. டின்னைப் பார்த்து அசந்துபோன நான் அவள் ஓவிய நோட்டைப் பார்த்து அசரவில்லை. கை, கால் வரைவதைத் தவிர்க்கிறாள். ஆட்களை எல்லாம் முதுகு காட்டி நிற்க வைத்துவிடுகிறாள். செய்முறைத் தேர்வில் அது செல்லாது. தேர்வு வரை தினமும் ஒரு மணி நேரம் பென்சில் கோட்டுப் பயிற்சி. மாதிரிக்கு வெளியே போக வேண்டாம், தறியில் உட்கார்ந்திருப்பவர்களின் கைகளையே வரையட்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கொடுத்தால் உதவியாக இருக்கும், போன் இல்லாமல்.

அடுத்த முறை வரும்போது டின்னையும் எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு மூலையில் துணிக்கரை உரியத் தொடங்கியிருக்கிறது. வெள்ளைப் பசை தகரத்தில் நிற்காது. உட்புறத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு எபாக்சி பசையால் ஒட்டச் சொல்லுங்கள். டிக்கெட்டுகளைத் தொட வேண்டாம். பஸ் டிக்கெட் மை ஒளி பட்டால் மங்கிவிடும். மூடியைப் போட்டே வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்