பதினான்கு பேர் சேர்ந்து வாங்கினால் விலை குறையுமா?

கேள்வி: காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கார் ஆர்வலர்கள் 14 பேர் குழுவாக இருக்கிறோம். பாதிக்கு மேல் ஸ்விஃப்ட், மீதி போலோ. பிரேக் பேடு, ஸ்பிரிங், ஏர் ஃபில்டர், சத்தமான சைலன்சர் எல்லாம் மொத்தமாக வாங்கினால் கோயம்புத்தூர் கடையில் தள்ளுபடி கிடைக்குமா? எப்படிப் பேசுவது?

பதில்: கிடைக்கும். ஆனால் கடைக்காரர் உங்கள் தலைகளை எண்ண மாட்டார். ஒரே பார்ட் நம்பரில் எத்தனை செட், பணம் என்றைக்கு வரும் என்று மட்டும்தான் பார்ப்பார். 14 பேர் 14 விதமான சாமான் கேட்டால் அவருக்கு அது சில்லறை வியாபாரம்தான்.

அதனால் முதலில் எல்லோருக்கும் பொதுவானதைப் பிரியுங்கள். பிரேக் ஆயில் நல்ல தொடக்கம். அதில் டாட் 3 என்ற ரகத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 ரகத்துக்கு 230. ஈரம் ஏறிய பிறகு இவை 140, 155 என்று இறங்கிவிடும். நம் ஊர் வெயிலில் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பிரேக்கை மிதிக்கும் காலில் தெரியும். என்ஜின் ஆயிலையும், ஒரே அளவு வீல் உள்ளவர்கள் டயரையும் இப்படிச் சேர்த்து வாங்கலாம். டயர் வந்ததும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம் செய்தது. பழைய சரக்கைத் தள்ளிவிடத்தான் சில நேரம் பெரிய தள்ளுபடி வரும்.

ஸ்பிரிங் விஷயத்தில் அவசரமே வேண்டாம். ஒரு முறை நான் முன்நின்று வாங்கிய ஆர்டரில் ஒரு பெட்ரோல் வண்டிக்கு டீசல் ஸ்பிரிங் வந்துவிட்டது. டீசல் என்ஜின் கனம் என்பதால் அதன் முன் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். மாட்டி ஜாக்கை இறக்கினால், வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. “அண்ணே, இது நம்ம வண்டிக்கு உள்ளது இல்லையோ?” என்று அந்தத் தம்பி கேட்டது இன்னும் மறக்கவில்லை. மாட்டிய சாமானைக் கடை திரும்ப எடுக்கவில்லை. ஆகவே மாடல், ஆண்டு, எரிபொருள், சேசிஸ் எண் என்று ஒவ்வொருவரிடமும் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தே எழுதி வாங்குங்கள்.

சைலன்சரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நிறுவனம் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்வி தனி.

சரி, விலைக்கு வருவோம். அட்டையில் போட்ட விலையில் 10 சதவீதம் குறைக்கிறேன் என்றால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். 5,000 ரூபாய் சாமானைக் கடை வழக்கமாகவே 4,400-க்குக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது உங்கள் ‘தள்ளுபடி’ விலை 4,500! முதலில் ஒரு செட்டுக்கு விலை கேளுங்கள், அப்புறம் பத்து செட்டுக்குக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்தா, காரைக்குடி வரை லாரி வாடகை யாருடையது, தவறான சாமான் வந்தால் மாற்றித் தருவார்களா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

பணம்தான் குழுவை உடைக்கும். 12 பேர் தலையாட்டி 7 பேர் மட்டும் பணம் போட்டு, பேசிய விலை கைவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டு வசூலிப்பது உங்கள் பக்கத்தில் புதிதில்லை. அதுபோலத் தேதி குறித்து, பாதிப் பணம் வந்த பெயர்களை மட்டும் எண்ணிக்கையில் சேருங்கள். கடைக்குச் சொல்ல வேண்டிய எண்ணிக்கை அதுதான்.

பணம் ஒருவர் கணக்கில் தங்க வேண்டாம். ஒவ்வொருவரும் கடைக்கே நேரடியாக அனுப்பட்டும், பில்லும் அவரவர் பெயரில் வரட்டும். நாளை வாரண்டி கேட்கும்போது பில்லில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். ஒருங்கிணைப்பவர் தன் பெயரில் வாங்கிப் பிரித்துக் கொடுத்தால், கெட்டுப்போன ஒவ்வொரு பேடுக்கும் அவர் வீட்டு வாசலில்தான் ஆள் நிற்கும்.

பெட்டி வந்ததும் ஒரே இடத்தில் பிரித்து, பார்ட் நம்பரைப் பில்லோடு ஒத்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, அதன்பிறகு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். நான்கைந்து வண்டிகளை ஒரே நாளில் விட்டால் மாட்டும் கூலியிலும் குறைத்துத் தருவார்.