பறவைக்கு முன் அலையைப் பாருங்கள்

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மாமனாருக்குப் பறவை என்றால் உயிர். போன வருடம் பிள்ளைகளோடு சுங்கை பூலோ போய், ஒற்றைக் கொக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இந்த முறை ஒருவர், தலைக்கு 60 வெள்ளி கொடுத்தால் வலசைப் பறவை நிச்சயம் என்கிறார். கொடுக்கலாமா? மழைக்காலம் வேறு.
- சுவா சூ காங் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. போன வருடம் நீங்கள் அநேகமாகக் கடல் வற்றியிருந்த நேரத்தில் போயிருப்பீர்கள்.

நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. ஆனால் சைபீரியா பக்கம் நிலம் உறையும் முன்பே கிளம்பிவிடும் கரைப்பறவைகளுக்கு, செப்டம்பர் முதல் மார்ச் வரை இதுதான் புகலிடம். அவற்றின் சாப்பாடு சேற்றில் இருக்கிறது. கடல் வற்றினால் ஜொகூர் நீரிணை ஓரத்துச் சேறெல்லாம் வெளியே தெரியும். பறவைகள் அங்கே சிதறிப்போய்ப் புழு, சிறு நண்டு என்று மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் குளக்கரையில் கொக்கோடு நிற்பீர்கள். கடல் ஏறிச் சேறு மூழ்கியதும் கால் வைக்க இடமில்லாமல் கூட்டமாகக் காப்பகத்துக் குளங்களில் வந்து இறங்கும். அவை பழைய இறால் குளங்கள். மதகு வைத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துவதால், வெளியே கடல் ஏறியிருந்தாலும் உள்ளே சேறு இருக்கும்.

ஆகவே கடல் ஏறும், வற்றும் நேரத்தைச் சொல்லும் அலை அட்டவணையைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் கடல் ஏற்றம் உச்சத்துக்கு வரும் நாளாக, உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டுவதாகத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், போன ஞாயிற்றுக்கிழமை நேரம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உதவாது. அலைக்கு ஒரு பக்கம், மழைக்கு ஒரு பக்கம், பறவைக்கு ஒரு பக்கம் என்று கைபேசியில் தாவ வேண்டியிருக்கிறது. மூன்றையும் சேர்த்து ஒரே இடத்தில் போடுங்கள் என்று நானும் எழுதிப் பார்த்தேன். "கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

அந்த 60 வெள்ளிக்காரர் கையில் இருப்பதும் இதே அட்டவணைதான். "நிச்சயம்" என்று சொல்பவரிடம் எனக்கு இன்னொரு பயம். கூட்டி வந்தவர்கள் முகம் சுளிக்கக்கூடாதே என்று கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவார், அல்லது இரை போடுவார். வனவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். அங்கே உவர்நீர் முதலையும் உண்டு, அதற்கு மீன் வீசினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்ததாக அவரே உங்களுக்கு "30 மடங்கு" பைனாகுலர் விற்கப் பார்ப்பார். அதைக் கையில் பிடித்தால் ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. 8 மடங்கு, முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் போதும். முடிந்தால் இரவல் வாங்குங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: வேட்டைப் பறவைகள். தேன்பருந்துக்கு அலை கணக்கில்லை. வெயில் ஏறித் தரை சூடாகி, காற்று மேலெழும்போதுதான் அது சிறகடிக்காமல் வட்டமிட்டு உயரும். அதனால் விடிகாலையில் போய் நிற்பது வீண். பத்து மணிக்கு மேல், மேகம் குறைவான நாளில், தெலுக் பிளாங்கா மலையிலோ ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்திலோ நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். மழை மூட்டமென்றால் போகவே வேண்டாம். கூட்டம் கூட்டமாகக் கடப்பது அக்டோபர், நவம்பரில். டிசம்பரில் உங்களுக்குப் பெரிதாகக் கிடைக்காது. இருந்தும் ஏன் சொல்கிறேன் என்றால், "பருந்துக்கும் அலை பார்க்கணுமா?" என்று வருடாவருடம் யாராவது கேட்கிறார்கள்.

மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். காலையில் முடித்துவிடுங்கள், இடி கேட்டால் பார்வையாளர் நிலையத்துக்குள் போய்விடுங்கள். கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பேருந்து. ஸ்வெட்டர் பேருந்தின் ஏர்கானுக்கு மட்டும் வேண்டியிருக்கும்.

சிவந்த கால் வைத்த பவளக்காலியை மாமனார் கோடிக்கரையிலேயே பார்த்திருப்பார். இனம் ஒன்றுதான், அங்கே போவது மத்திய ஆசிய வலசை வழி, இங்கே வருவது கிழக்கு ஆசிய வலசை வழி. முதலில் அவரையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.