ஒரு வேலைக்கு மட்டும் உதவும் சமையலறைச் சாமான்களை வாங்குவது வீண் செலவா?

சின்ன வாடகை வீடு, அலமாரியில் இடம் இல்லை, பத்து வேலை செய்யும் மெஷின் ஒன்று போதுமே என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வீண் செலவு இல்லை, அந்த ஒரு வேலை உங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது என்றால். எனக்குக் குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம். அவியல், தீயல், துவரன், மீன் குழம்பு எதுவானாலும் தேங்காய் இல்லாமல் எங்களுக்கு மதியச் சாப்பாடு கிடையாது.

துபாயிலிருந்து கொழுந்தன் ஒரு மெஷின் கொண்டுவந்தார். மாவு பிசையும், காய் வெட்டும், ஜூஸ் போடும், தேங்காயும் துருவும். கொழுந்தன் ஆசையாக வாங்கியது, குறை சொல்லக் கூடாது. ஆனால் அரை மூடித் தேங்காய்க்காக ஒரு ஜாரைக் கழற்றி, இன்னொன்றை மாட்டி, பிறகு அத்தனையையும் கழுவி முடிப்பதற்குள் குழம்பே கொதித்துவிடும். வேகமாகச் சுற்றுவதால் ஓட்டை ஒட்டிய கறுப்புத் தோலும் சேர்ந்து வரும். தீயலுக்கு எப்படியும் கருக வறுப்போம், தெரியாது. பாயசத்துக்குப் பால் பிழிந்தால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் அடியில் ஜாரை மோட்டாரோடு இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் உடைந்தது. நாகர்கோவிலில் ஒரு கடையில் கேட்டால், இந்த மாடலுக்கு இங்கே பாகம் வராது என்றார்கள். ஒரு துண்டு பிளாஸ்டிக் போனதில் நாலு வேலையும் நின்றுபோயிற்று. தேங்காய் துருவ மட்டுமே உதவும் மாமியார் காலத்துப் பலகைத் துருவியில் உடைய என்ன இருக்கிறது? 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோதும் அதுவும் அம்மியும்தான் சோறு போட்டன.

உடனே, வேலைக்குப் போகிற பெண்களை அம்மியில் அரைக்கச் சொல்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என்னிடம் வெட் கிரைண்டர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கும் மாவு ஆட்டுகிற ஒரே வேலைதான். கல் நிதானமாகச் சுற்றுவதால் உளுந்து சூடேறாமல் பொங்கி வரும். மிக்ஸியில் அந்தப் பதம் வராது. புட்டுக்குழலும் அப்படித்தான். சிரட்டையில் அவிக்கலாமே என்பார்கள். அவிக்கலாம், ஒரு ஆளுக்கு. காலையில் வீடே தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது?

முட்டை அவிக்கிற மெஷின், சாண்ட்விச் மேக்கர் எல்லாம் வேண்டாம். பாத்திரமும் தோசைக்கல்லும் போதும்.

இன்னொரு எரிச்சலும் இருக்கிறது. புது வீட்டு அடுக்களையில், கீழே உட்கார்ந்து துருவ ஓர் ஓரமாக இடம் விடுங்கள் என்று இன்ஜினியரிடம் கேட்டேன். "இப்ப யாரு ஆன்ட்டி கீழ உக்காருறாங்க?" என்றார். கிரைண்டருக்கான பிளக் பாயின்ட்டை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்ததும் அவர்தான். அன்றைக்கு என் வீட்டு அவியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் அவர்தான்.

உங்களுக்குக் கீழே உட்கார வசதி இல்லையென்றால், சமையல் மேடையில் உறிஞ்சிப் பிடிக்கிற கைப்பிடித் துருவி வாங்கலாம். அடி ரப்பரைப் பார்த்து வாங்குங்கள். மேடையில் எண்ணெயோ மாவோ இருந்தால் பிடிக்காது, துடைத்துவிட்டு வையுங்கள்.