காய்ச்சல் காட்டாத தொற்று

கேள்வி: என் கணவருக்குக் கல்லீரல் சுருக்க நோய். சென்ற மாதம் இரண்டு நாட்களாகப் பேச்சுக் குழறி, பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருந்தார். மருத்துவமனையில் சேர்த்ததும் வயிற்றில் தேங்கியிருந்த நீரை ஊசியால் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிருமித்தொற்று என்றார்கள். காய்ச்சல் ஒருநாளும் இல்லை. வெள்ளையணுக்கள் 8,000 என்று அளவோடுதான் இருந்தன. இப்போது சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது. கல்லீரலைவிடத் தொற்றுக்கே அதிகம் அஞ்ச வேண்டும் என்கிறார் மருத்துவர். அது எப்படி?

பதில்: மருத்துவர் சொன்னது மிகையல்ல. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் உடலெங்கும் பரவுவதற்கு முன் கல்லீரலுக்குள் நுழைகிறது. அங்குள்ள குப்ஃபர் செல்கள், அந்த இரத்தத்தோடு வந்துவிடும் பாக்டீரியாக்களை விழுங்கி அழிக்கின்றன. கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டால் இரத்தம் உள்ளே புக வழியில்லாமல் பக்கவழிகளில் திரும்பிவிடுவதால், இந்தக் காவலுக்குச் சிக்காமலே கிருமிகள் உடலுக்குள் போய்விடுகின்றன. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களில் பலவற்றைச் செய்வதும் கல்லீரல்தான் என்பதால், அவையும் குறைந்துவிடுகின்றன. இந்த நிலையில், குடலில் துளையோ சீழ்க்கட்டியோ இல்லாமலே வயிற்று நீரில் தொற்று தானாக ஏற்படக்கூடும்.

காய்ச்சல் இல்லையே என்ற உங்கள் ஐயம் நியாயமானது. பல குடும்பங்கள் காலத்தைத் தவறவிடுவதும் இங்கேதான். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு மண்ணீரல் பெருத்து, இரத்த அணுக்களைத் தன்னிடமே தேக்கிக்கொள்வதால், அவர்களுடைய வெள்ளையணுக்கள் நலமாக இருக்கும்போதே குறைவாக இருக்கும். உங்கள் கணவரின் பழைய பரிசோதனைத் தாள்களை எடுத்துப் பாருங்கள். வழக்கமாக 3,000 இருந்தவருக்கு 8,000 என்றால், தாளில் அச்சிட்டிருக்கும் இயல்பளவுக்குள் அது அடங்கினாலும், அவருடைய உடலுக்கு அது இரண்டரை மடங்குக்கும் மேலான உயர்வு. ஆகவே காய்ச்சலுக்காகக் காத்திராமல், திடீர்க் குழப்பம், பகல் தூக்கம், சிறுநீர் குறைதல், மஞ்சள் காமாலை கூடுதல் ஆகியவற்றையே தொற்றின் அடையாளங்களாகக் கொள்ள வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாமல் தொற்று இருப்பதும் உண்டு. அதனால்தான் வயிற்றில் நீர் தேங்கியவர் மருத்துவமனைக்கு வந்தவுடனேயே அந்த நீரைச் சோதிக்கிறார்கள். அதில் ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோபில் என்ற வகை வெள்ளையணுக்கள் 250-க்கு மேல் இருந்தால், கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனையின் முடிவு வரும்வரை நிற்காமல் ஆன்டிபயாடிக் தொடங்கிவிட வேண்டும். நீரெடுப்பதை 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 2.7 மடங்காக இருந்ததை 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

சிறுநீரகம் தளர்ந்ததும் இதன் தொடர்ச்சியே. தொற்று கிளப்பும் அழற்சியால் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிய, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் சுருங்கிவிடுகிறது. வயிற்று நீர்த் தொற்றுள்ளவர்களிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது; அதோடு அல்புமின் என்ற புரதமும் சிரைவழியே பெற்றவர்களில் அது 10 விழுக்காடாகக் குறைந்தது; மருத்துவமனை இறப்பும் 29-லிருந்து 10 விழுக்காட்டுக்கு இறங்கியது. உங்கள் கணவருக்கு அல்புமின் ஏற்றியிருந்தால், அதைச் சத்து மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். அது சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து.

நேராகவே சொல்லிவிடுகிறேன்: தொற்று வந்தால் இந்த நோயாளிகளின் இறப்பு அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த கணக்கின்படி, தொற்று கண்டவர்களில் 30 விழுக்காட்டினர் ஒரு மாதத்துக்குள்ளும், மேலும் 30 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள்ளும் இறந்தனர். இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். தொற்று தீர்ந்து வீடு திரும்பிய பின்னும் ஆபத்து விலகுவதில்லை. எனவே, மீண்டும் தொற்று வராமல் தடுக்கத் தொடர்ந்து ஆன்டிபயாடிக் தேவையா, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு அவர் பொருத்தமானவரா என்ற இரண்டையும் மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன்னரே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் அண்ணன் மாற்றுக் கல்லீரலுக்காகக் காத்திருக்கிறார். நடுவில் தொற்று வந்தால் வாய்ப்பு போய்விடுமா? வீட்டில் எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: பெரும்பாலும் வாய்ப்பு போய்விடாது, தள்ளிப்போகும். கட்டுக்குள் வராத தொற்றோடு அறுவை சிகிச்சை செய்தால், புதிய உறுப்பை உடல் ஏற்பதற்காகத் தரும் எதிர்ப்பாற்றல் குறைப்பு மருந்துகள் அந்தத் தொற்றை மேலும் பரவவிடும். ஆகவே சிகிச்சை பலன் தரத் தொடங்கும்வரை காத்திருப்பார்கள். வீட்டில், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தாமாக விழுங்க வேண்டாம். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளைப் பழக்கத்தால் தொடர்ந்து சாப்பிட்டுவந்தால், அவை உண்மையில் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவற்றுக்கும் தொற்றுக்கும் தொடர்பிருப்பதைப் பல ஆய்வுகள் சுட்டுகின்றன. ஃப்ளூ, நியூமோகாக்கஸ் (நிமோனியா உண்டாக்கும் ஒரு கிருமி), ஹெபடைட்டிஸ் ஏ, பி தடுப்பூசிகளில் விடுபட்டவற்றை இப்போதே போட்டுவிடலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் அவற்றின் பலன் குறைந்துவிடும்.