இனுயிட் மக்களுக்குச் சர்க்கரை நோய் வந்தது எப்படி?

கேள்வி: சீல், திமிங்கல இறைச்சியையே பெரிதும் உண்டு வாழ்ந்த, ஆர்க்டிக் பகுதியின் பழங்குடிகளான இனுயிட் மக்களிடையே இன்று சர்க்கரை நோய் பெருகியிருப்பதாகப் படித்தேன். இதற்கு உணவு காரணமா, பரம்பரை காரணமா?
- வாசகி, திருச்சி

பதில்: கிரீன்லாந்தில் 1960-களில் நடந்த ஆய்வில் இந்நோய் மிக அரிதாகவே தென்பட்டது. 1999-2001 ஆய்விலோ, 35 வயதைக் கடந்த இனுயிட் மக்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு அது இருந்தது. சோதனை முறைகள் மாறியதைக் கணக்கில் கொண்டாலும் இது பெரிய உயர்வு. நாற்பது ஆண்டுகளில் ஒரு மக்களின் மரபணு மாறிவிடாது, மாறியது வாழ்க்கை. அப்போது கிரீன்லாந்தை ஆண்ட டேனிஷ் அரசின் திட்டங்களால் சிறு குடியிருப்புகளில் இருந்த பலர் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர்; வேட்டை குறைந்து, ரொட்டியும் சர்க்கரையும் குளிர்பானமும் அன்றாட உணவாயின.

ஆனால் பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. 2014-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு, 'டிபிசி1டி4' என்னும் மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டறிந்தது. இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள் கிரீன்லாந்தில் நூற்றுக்கு நான்கு பேர். அவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பிறரைவிடப் பத்து மடங்கு. இன்சுலின் சுரந்தாலும் அவர்களுடைய தசைகள் குளுக்கோஸைப் போதிய அளவு உள்ளிழுப்பதில்லை. மாவுச்சத்து மிகக் குறைந்த பழைய உணவில் இந்தக் குறை பெரிதாக வெளிப்பட்டிருக்காது என்பதே என் கருத்து. கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை அவ்வளவாக ஏறுவதில்லை அல்லவா?

மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இம்மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். உணவுக்குப் பிறகுதான் அளவு மிக உயரும். எனவே குளுக்கோஸ் நீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் சோதனையை விட்டுவிட்டால் நோய் தெரியாமலே போகலாம். இதே மாற்றம் கனடா, அலாஸ்கா இனுயிட் மக்களிடமும் காணப்படுவதால், அங்கும் இந்தச் சோதனை அவசியம்.

உழைக்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமல் வேறொரு வழியிலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். கயாக் படகைத் துடுப்பால் செலுத்தியும் பனியில் நடந்தும் கழித்த நாள்கள் இந்த வழியைத் திறந்து வைத்திருந்தன. இம்மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் உடலுழைப்பு அதே வழியில் உதவக்கூடும்.