பிரித்தானிய மாணவர் விசாவோடு பரிஸ் கலியாணத்துக்குப் போகலாமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதானே: லெஸ்ரரில் மாஸ்ரர்ஸ் படிக்க வந்திருக்கிறீர்கள், கையில் இலங்கைப் பாஸ்போட், ஓகஸ்டில் பரிஸில் சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம், இங்கத்தைய விசாவோடு அப்படியே ரயிலேறலாமா, இல்லாவிட்டால் விசாவுக்குக் காட்டக் கல்லாற்று வளவின் காணி உறுதியை அம்மாவிடம் அனுப்பச் சொல்லவா என்று. நானும் ஆரையம்பதிதான், இங்கே வந்து குடும்பமாகிப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்படியே போக முடியாது. பிரான்ஸ், சுவிஸ் போன்ற நாடுகள் ஒரே விசாவில் போய்வர விடும் செங்கன் வலயத்தில் பிரித்தானியா ஒருநாளும் இருந்ததில்லை, இலங்கைப் பாஸ்போட்டுக்குப் பிரான்ஸ் விசா தனியாக எடுக்கத்தான் வேண்டும். கோச் பஸ்ஸில் போனால் பார்க்க மாட்டார்கள் என்று யாரும் சொன்னால் காதில் போடாதீர்கள், பிரெஞ்சுப் பொலிஸ் பரிஸ் ரயில் வெளிக்கிடும் லண்டன் சென் பாங்ரஸ் ஸ்ரேசனிலும் டோவர் துறைமுகத்திலுமே நின்று பாஸ்போட் பார்க்கிறது.

உறுதி வேண்டாம், அதற்காக அம்மாவை அலைய வைக்காதீர்கள். நீங்கள் பிரான்சில் நின்றுவிடாமல் லெஸ்ரருக்குத் திரும்புவீர்களா என்பதைத்தான் பிரெஞ்சு விசா அதிகாரிகள் பார்ப்பார்கள், மட்டக்களப்பில் எவ்வளவு காணி இருக்கிறது என்பதை வைத்து அதைச் சொல்ல முடியாதே. படிப்பு எப்போது முடியும் என்று எழுதிய பல்கலைக்கழகக் கடிதம், பகுதிநேர வேலை இருந்தால் சம்பளச் சீட்டு, கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு, இங்கத்தைய ஈ-விசாவைக் காட்டும் பிரதி, இவைதான் பேசும். பிரான்ஸை விட்டு வெளிக்கிடும் நாளுக்குப் பிறகும் பாஸ்போட்டிலும் பிரித்தானிய விசாவிலும் குறைந்தது 3 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு நாளைக்கு யாரிடமாவது காசு வாங்கிக் கணக்கில் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், திடீரென்று வந்த தொகை ஸ்ரேற்மென்ரில் அப்படியே தெரியும். செலவைச் சித்தப்பா பார்க்கிறார் என்றால் அவரே அதை ஒரு கடிதமாக எழுதித் தன் வருமானத்தையும் காட்டட்டும், அதில் குறையொன்றும் இல்லை.

நேரம் எடுக்கும் வேலை சித்தப்பாவிடம்தான் இருக்கிறது. அவர் வீட்டில் தங்குவதானால் தன் ஊர் மேரிக்குப் போய், அதாவது நகரசபைக்கு, 'அத்தெஸ்தாசியோன் தக்கெய்' என்ற அழைப்புப் பத்திரம் எடுக்க வேண்டும். 30 யூரோ முத்திரைக் காசு, கையில் கிடைக்க ஒரு மாதமும் ஆகலாம், பிறகு மூலப்பிரதியை உங்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அதோடு உறவைக் காட்ட உங்கள் அப்பாவினதும் சித்தப்பாவினதும் பிறப்புச் சான்றிதழ்கள் உதவும். அம்மா அலைவதானால் இதற்காகக் களுவாஞ்சிக்குடிப் பிரதேச செயலகத்துக்குப் போகட்டும். தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பும் தேவை.

விசாக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்பம் வாங்கும் விசா நிலையத்துக்காரரின் சேவைக் கட்டணம் வேறு, மறுத்தால் விசாக் காசு திரும்பி வராது. பயணத்துக்கு 6 மாதம் முதலே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன். அதை நம்பி இருக்காதீர்கள், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை எடுப்பார்கள், கோடையில் அப்பொயின்ற்மென்ற் கிடைப்பதே பாடு. கைரேகை கொடுக்க லண்டனுக்கோ மான்செஸ்ரருக்கோ நேரில் போக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் எடுங்கள். வேறு நாட்டுக்கு லேசாக அப்பொயின்ற்மென்ற் கிடைக்கிறது, அங்கே போட்டுவிட்டுப் பரிஸ் போ என்பார்கள், கேட்காதீர்கள். அதிக நாள் எங்கே நிற்கிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

விசா ஒட்டி வந்ததும் எத்தனை நாள் தங்கலாம் என்ற இடத்தை வாசியுங்கள். செல்லுபடியாகும் திகதிகள் நீளமாக இருந்தாலும் அங்கே 10 என்றிருந்தால் 10 நாள்தான், போய் இறங்கும் நாளும் அதில் சேர்த்தி. அந்த நாட்களுக்குள் சுவிஸில் இருக்கிற சொந்தக்காரரையும் இதே விசாவில் போய்ப் பார்த்து வரலாம்.

சரி, இன்றைக்கே சித்தப்பாவுக்கு எடுத்து மேரியில் எந்த நாளுக்கு நேரம் கிடைக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள்.