கேட்டு எழுதுவதும் ஒரு தொழில்தானா?

கேள்வி: சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில், வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதுவது என் வேலை. இதற்கென்று தொழில்முறை அமைப்பு ஏதும் இருக்கிறதா?
- வாசகி, கல்முனை

பதில்: இருக்கிறது தங்கச்சி. ஐரெப் (IREB) என்ற சர்வதேச அமைப்பு 2006 இல் தொடங்கியது. நீங்கள் செய்யும் இந்த வேலைக்குத் தேவைப் பொறியியல் என்று பெயர், அதற்கு ஐரெப் தரும் சான்றிதழின் பெயர் சிபிஆர்இ (CPRE). அடிப்படை நிலைக்கான பாடத்திட்டமும் சொற்களஞ்சியமும் இலவசம், வகுப்புக்குப் போகாமலே படித்துத் தேர்வு எழுதலாம், தேர்வுக்குத்தான் காசு.

ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது. சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுக் கணக்கு மென்பொருள் செய்தபோது, முதலாளி சொன்னதையெல்லாம் வரி விடாமல் எழுதினேன், ஈர நெல்லுக்கு மூட்டைக்கு எத்தனை கிலோ கழிப்பது என்பதை மட்டும் அவர் சொல்லவேயில்லை, நானும் கேட்கவில்லை. தராசடியில் நின்ற பொடியன் ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு கொப்பியில் ஏதோ குறித்ததைக் கண்ட பிறகுதான் விளங்கியது. “அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!” என்றார் முதலாளி. இரண்டு கிழமை வேலை வீண்.

அப்புறம், மட்டக்களப்பிலும் உங்களைப் போல் நாலைந்து பேர் இருப்பார்கள். மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் எழுதியதில் மற்றவர் பிழை பிடியுங்கள், கல்லடிக் கடற்கரையில் இருந்தென்றாலும் சரி.